வான் பிடிக்காமலும் ஊர் பார்க்கலாம்

(யாழ்ப்பாணத்து வாசிகசாலை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, பிள்ளைகளே, வணக்கம்.

நம் வீடுகளில் பயணப் பேச்சை எடுத்ததுமே எழுகிற கேள்வி, “யாருடைய வான் வண்டியை வாடகைக்குப் பிடிப்பது?” என்பதுதான். வானுக்குக் காசு சேரவில்லையென்றால் பயணமும் இல்லை. கோப்பாயில் பிறந்து வளர்ந்த பிள்ளை நெடுந்தீவைக் கண்ணாலும் காணாமல் கனடாவுக்கு விமானம் ஏறிவிடுகிறது. எனக்கு இது ஆறாத வருத்தம். கையில் காசு குறைவு என்பது பயணத்துக்குத் தடையே அல்ல. குறைந்த காசில் போகிறவர்தான் ஊரை நன்றாகப் பார்க்கிறார் என்றுகூட அடித்துச் சொல்வேன்.

பருத்தித்துறையில் தெருமூடிமடம் இருக்கிறது. பெயருக்கு ஏற்றபடி, தெருவுக்கு மேலேயே கூரை. இருபுறமும் கல்தூண்கள், திண்ணைகள். வெயிலில் நடந்து வந்தவர் அங்கே ஒதுங்கிக் கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்டு, சற்றே கண்ணயர்ந்து, எழுந்து போனார். அவரிடம் யாரும் வாடகை கேட்கவில்லை. மடம், கேணி, சுமைதாங்கி, தண்ணீர்ப்பந்தல் என்று வழிப்போக்கரை நினைத்து நினைத்துக் கட்டிவைத்த மண் இது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு இன்றும் அடியார்கள் கால்நடையாகப் போகிறார்கள். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை என்று கரையோரமாகவே இறங்கி, குமண, யால காடுகளைக் கடந்து, ஒன்றரை மாதத்துக்கும் மேலாக நடக்கிறார்கள். வழியில் கோயில்களும் ஊரவர்களும் அவர்களுக்குச் சோறு போடுகிறார்கள். கிழக்குக் கரையை அவர்களைவிட அறிந்தவர் யார்?

அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில், தீவுகளுக்குப் படகு புறப்படும் குறிகாட்டுவான் துறைக்குப் பஸ் ஏறுங்கள். யன்னலோர இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பண்ணை தாண்டி, வேலணை தாண்டி, புங்குடுதீவுக்குப் போகும் வாணர் பாலத்தில் பஸ் ஏறும்போது இருபக்கமும் கடல்தான். ஆழமில்லாத கடல், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மீனவர் ஒருவர் வலை பார்த்துக்கொண்டிருப்பார். சிறகுவலைக்கு நட்ட தடிகள் வரிசையாக நிற்கும். தடி நுனியில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டைப் போட்டுக்கொண்டு வான் வண்டியில் விரைகிறவருக்கு இதெல்லாம் கண்ணில் படுவதில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மா, “எவ்விடத்துப் பிள்ளை நீ?” என்று தொடங்குவார். இறங்குவதற்குள், கடைசிப் படகு எத்தனை மணிக்கு, எந்தக் கடையில் சோறு நல்லது, யார் வீட்டில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும் என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கும்.

குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவு மிகக் கிட்ட. நாகபூசணி அம்மன் கோயிலில் அன்னதானம் உண்டு. நெடுந்தீவுக்குக் கடலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, அடுக்கிய மதில்களையும், பழைய கோட்டையின் இடிபாட்டையும், பெருக்கமரத்தையும், வெட்டவெளியில் கட்டில்லாமல் மேயும் குதிரைகளையும் சைக்கிளிலேயே பார்த்துவிடலாம். திரும்பும் படகின் நேரத்தை இறங்குதுறையிலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் அன்றிரவு தீவில்தான். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றும் மழையும் கடலைக் குழப்பிவிடும். அப்போது இந்தப் பயணத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

தெற்கே போகிறவர்களுக்கு யாழ்தேவி ரயில் இருக்கிறது. 1990இல் நின்று, 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த வண்டி அது. மூன்றாம் வகுப்பில் போவது குறைவான காரியம் அல்ல. பகல் வண்டியில் வன்னிக் காட்டையும் குளங்களையும் யன்னலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே அனுராதபுரம் வரை போகலாம். பூரணை விடுமுறை சனி, ஞாயிறோடு சேர்ந்துவரும் நாட்களைத் தவிர்த்தால் அறை வாடகையும் கட்டுக்குள் நிற்கும்.

சாப்பாட்டில்தான் நம்மவர்கள் கூடுதலாகக் காசை விடுகிறார்கள். பருத்தித்துறை வடை எதற்கு இருக்கிறது? மொறுமொறுவென்று தட்டிப் பொரித்த அந்த வடை நாட்கணக்கில் பழுதாகாது. அதோடு எள்ளுருண்டை, ஒரு சீப்பு கதலிப்பழம், வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தல். காலைக்கும் மாலைக்கும் இதுவே போதும். மத்தியானம் மட்டும் கடையில் உட்கார்ந்து சுடச்சுடச் சோறு சாப்பிடுங்கள். அந்தந்த ஊர்ச் சோறும் கறியும் சாப்பிடாமல் திரும்புவது சிக்கனம் அல்ல, இழப்பு.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. வீதியோரத்தில் நுங்கு சீவித் தருகிற ஐயாவிடம் இருபது ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். அன்னதானத்தில் உண்டால் உண்டியலில் இயன்றதைப் போடுங்கள், பந்தியில் இலை எடுக்கக் கை கொடுங்கள். உங்கள் செலவைக் குறைப்பதற்கு இன்னொருவரின் கூலியில் கை வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகனைத் தனியாகப் போகவிடுகிறீர்கள். மகளை நாலு தோழியரோடு நயினாதீவுக்கு அனுப்பவும் யோசிக்கிறீர்கள். பகலில் போய்ப் பகலிலேயே திரும்பக்கூடிய வழி அது. பஸ் நிறையச் சனம். அனுப்பிவையுங்கள். பஸ் நேரம், படகு நேரம் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் இப்போதே கேட்கலாம், எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்.