'சொடக்' என்று சத்தம் வந்தால் விலகிய எலும்பு சேர்ந்துவிட்டதா? பிசியோதெரபிஸ்ட்டின் கை உண்மையில் என்ன செய்கிறது?

(திரையில்: கேமராவுக்கு மிக அருகில் ஒரு கை. விரலை இழுக்கிறேன். சொடக்!)

இந்தச் சத்தத்தைக் கேட்டதும் சிலருக்கு உடம்பு கூசியிருக்கும், சிலருக்குத் தன் விரலையும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கத் தோன்றியிருக்கும். இழுங்கள், தப்பில்லை. ஒரே ஒரு விரல் மட்டும். எந்த விரல் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் கேட்பேன்.

இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று போகிறோம். பிசியோதெரபிஸ்ட் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமுமாக ஒரு அழுத்து அழுத்துகிறார். சொடக்! எழுந்தால் லேசாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து என்ன சொல்கிறோம்? "எலும்பு விலகியிருந்ததாம், உள்ளே தள்ளிவிட்டார்."

எந்த எலும்பும் உள்ளே போகவில்லை. 1998இல் ஸ்வீடனில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். இடுப்பு மூட்டெலும்பு விலகியிருப்பதாகச் சொல்லப்பட்ட 10 பேரின் எலும்புகளில் நுண்ணிய உலோக மணிகளைப் பதித்து, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரே எடுத்து அளந்தார்கள். தொட்டுப் பார்த்துச் செய்யும் பரிசோதனையில் எல்லாம் சரியாகிவிட்டதாகத் தெரிந்தது. அளவிலோ எலும்பு இருந்த இடத்திலேயே இருந்தது!

(திரையில்: கைத்தட்டல் சத்தம், உடனே நிறுத்தவும்)

அப்படியானால் அந்தச் சத்தம்? இங்கேதான் எனக்குக் குஷி வந்துவிடும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூட்டுக்குள்ளே முட்டை வெள்ளைக்கருவைப் போல வழவழப்பான ஒரு திரவம் இருக்கிறது. எலும்புகளைச் சட்டென்று இழுத்தால் உள்ளே அழுத்தம் குறைந்து, திரவத்தில் கரைந்திருக்கும் வாயு குமிழாக வெளிப்படுகிறது. சத்தம் குமிழ் பிறக்கும்போது வருகிறதா, உடையும்போது வருகிறதா? உலகத்தில் வேறு சண்டையே இல்லாத மாதிரி விஞ்ஞானிகள் இதற்காகப் பல பத்தாண்டுகள் மோதிக்கொண்டார்கள். பிறக்கும்போது என்றார்கள் 1947இல். உடையும்போது என்றார்கள் 1971இல். 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒருவரின் விரலை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் நீட்டவைத்து, கயிறு கட்டி இழுத்தே பார்த்தார்கள். ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் மூட்டில் கருப்பாக ஒரு குழி தோன்றுகிறது. சத்தத்துக்குப் பிறகும் அது அங்கேயே இருக்கிறது. ஆகவே பிறப்புதான் என்றார்கள். 2018இல் கணக்குப் போட்டுப் பார்த்த இருவர், குமிழ் பாதி உடைந்தாலே அந்தச் சத்தம் வரும் என்றார்கள். சண்டை தொடர்கிறது!

நெட்டி எடுத்தால் மூட்டு தேய்ந்துவிடும் என்று நம் வீடுகளில் மிரட்டுவார்களே, அமெரிக்காவிலும் அதே கதைதான். டொனால்ட் அங்கர் என்ற டாக்டரை அவருடைய அம்மாவும், அம்மாவுக்குப் பின்னால் சித்தி, அத்தைமார்களும், கல்யாணமானபின் மாமியாரும் இப்படியே மிரட்டியிருக்கிறார்கள். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? இடது கையில் மட்டும் தினமும் குறைந்தது இரண்டு தடவை நெட்டி எடுத்தார், வலது கையை விட்டுவிட்டார். 50 வருஷம்! குறைந்தபட்சம் 36,500 தடவை. பிறகு இரண்டு கையையும் ஒப்பிட்டால் எதிலும் மூட்டுவாதம் இல்லை. 1998இல் இதை ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். அம்மா சொன்ன இது தப்பென்றால், பசலைக்கீரை சாப்பிடு என்றதும் தப்பாக இருக்குமோ என்று அதிலேயே ஒரு சந்தேகத்தையும் கிளப்பிவிட்டார். 2009இல் அவருக்கு இக்நோபல் பரிசு கிடைத்தது; முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிக்குத் தரும் பரிசு அது. ஒரே ஆளை வைத்துச் செய்த சோதனைதான், இதை வைத்து ஊருக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பிடிவாதத்துக்கு ஒரு பரிசு கொடுக்கலாம். ஒரு லைக்காவது கொடுங்கள்.

சரி, பிசியோதெரபியின் வரலாறு. 1813இல் ஸ்டாக்ஹோமில் பெர் ஹென்ரிக் லிங் உடற்பயிற்சிக் கழகம் தொடங்கினார், 1894இல் லண்டனில் நான்கு செவிலியர் மசாஜ் தொழிலின் மானம் காக்கச் சங்கம் அமைத்தார்கள். முடிந்தது.

எலும்பும் நகரவில்லை, சத்தமும் வெறும் வாயு என்றால் வலி ஏன் குறைகிறது? இருட்டில் கால் கட்டைவிரலைக் கட்டிலில் இடித்துக்கொண்டால் உடனே பிடித்துத் தேய்க்கிறோமே, அதே சூத்திரம்தான். தொடுகையையும் அசைவையும் கொண்டுபோகும் நரம்புச் செய்தி, வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே கொஞ்சம் அடக்கிவைக்கிறது. 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் இதை ஒரு கதவாக உருவகித்தார்கள். இன்று அது இன்னும் சிக்கலானது என்று தெரிந்துவிட்டது; மூளையும், நம்பிக்கையும், பக்கத்தில் இருப்பவரின் கனிவும் அதில் சேர்ந்துகொள்கின்றன. கழுத்துச் சுளுக்குக்குத் தலையணையை வெயிலில் காயப்போடும் வைத்தியமும் சில நாள் "பலித்து" விடுவது அதனால்தான். சுளுக்கு தானாகவும் போய்விடும் என்பது வேறு விஷயம்.

ஆனால் இந்த வேலை திருகுவதோடு முடிவதில்லை. அதில் பெரும்பகுதி சத்தமே வராத வேலை. மழைக்காலத்தில் உப்பிப்போன மரக்கதவை எட்டி உதைப்பீர்களா? மெல்ல முன்னும் பின்னும் ஆட்டித்தானே திறப்போம். ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் ஜெஃப்ரி மெய்ட்லண்ட் இந்த ஆட்டத்தைப் படிகளாகவே பிரித்துவைத்தார். முதல் இரண்டு படிகளில் மூட்டு இறுக்கத்தைத் தொடாமல் மெதுவாக ஆடும், அது வலிக்கு. அடுத்த இரண்டில் இறுக்கத்துக்குள் போய் ஆடும், அது விறைப்புக்கு. அதற்கும் மேல்தான் அந்தச் 'சொடக்'. வீடியோக்களில் நாம் பார்ப்பது அதை மட்டும்தான், பாவம் மற்ற நான்கும்.

கழுத்து விஷயத்தில் மட்டும் சிரிக்காமல் சொல்கிறேன். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் கழுத்தெலும்புகளின் ஓட்டைகள் வழியாகவே மேலே ஏறுகின்றன. படக்கென்று திருப்பினால், அரிதாக, அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போகலாம். சலூனில் எண்ணெய் வைத்துத் தட்டிவிட்டுத் தாடையைப் பிடிக்க வந்தால், "அண்ணே, அது வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ பிசியோதெரபிக்குப் போகாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்கு.

அப்புறம், கையால் கிடைக்கும் நிம்மதி பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான். 2016இல், பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு முதுகுவலிக்கான வழிகாட்டுதலில், உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டும் கைச்சிகிச்சையைப் பரிசீலிக்கச் சொன்னது. வலி தணிந்திருக்கும் அந்த நேரத்தில்தான் உங்களை எழுப்பி நடக்க, குனிய, நிமிரச் சொல்வார்கள். பத்து நாள் படுக்கவைத்துப் பிசைந்துவிட்டு, ஒரு பயிற்சிகூடச் சொல்லித்தராத இடம் என்றால், என் காசென்றால் நான் பதினோராம் நாள் போகமாட்டேன்.

உங்கள் ஊரில் இதை நெட்டி முறிப்பது என்பீர்களா, சொடக்கு எடுப்பது என்பீர்களா, கமெண்டில் போடுங்கள்.

இப்போது அந்த விரல். அதையே மறுபடி இழுங்கள்.

(திரையில்: என் விரலை இழுக்கிறேன். சத்தம் இல்லை.)

வரவில்லையா? குமிழ் திரும்பக் கரைய ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். நம் வீடியோ ஏழு நிமிடம்தான்.