எத்தனையில் எத்தனை?

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவன். கடலூர்ப் பக்கத்து ஊர்களில் மின்னொளிக் கபடிப் போட்டி நடந்தால், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் ஓரமாக உட்கார்ந்துவிடுவது என் பழக்கம். ஒவ்வொரு ரெய்டுக்கும் ஒரு வரி எழுதுவேன்: யார் பாடிப் போனார், எந்தப் பக்கம் நுழைந்தார், எதிரே எத்தனை பேர் நின்றார்கள், என்ன கிடைத்தது. ஆட்டம் 40 நிமிடம், ஒரு ரெய்டுக்கு அதிகபட்சம் 30 விநாடி என்று வைத்துக்கொண்டால், ஒரு போட்டிக்குச் சுமார் 80 வரிகள் சேரும். விளையாட்டுத் தரவு என்று இன்று பெரிதாகப் பேசப்படுவதன் எளிய வடிவம் இதுதான்.

எண்ணுவதில் சிரமமில்லை, எண்ணியதைப் படிப்பதில்தான் சறுக்கல். சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஓர் அணியின் பயிற்றுநரிடம், அவர்கள் விட்டுக்கொடுத்த புள்ளிகளில் பெரும்பாலானவை இடது கார்னர், அதாவது தடுப்பவர் வரிசையின் இடது ஓரம், அந்தப் பக்கம்தான் போயிருக்கின்றன, அங்கே ஆளை மாற்றலாம் என்று நோட்டைக் காட்டிச் சொன்னேன். அவர் நோட்டைக் கையில் வாங்கக்கூட இல்லை. "சார், வந்தவனெல்லாம் அந்தப் பக்கம்தானே வந்தான்" என்றார். வீட்டுக்கு வந்து, எத்தனை முறை அந்தப் பக்கம் நுழைந்தார்கள் என்று எண்ணி வகுத்துப் பார்த்தேன். நான் மாற்றச் சொன்ன பையன்தான் அந்த அணியிலேயே நன்றாகப் பிடித்தவன். புள்ளியியல் ஆசிரியருக்கு இதைவிடத் தலைகுனிவு வேறில்லை.

ஆனால் இந்தத் தவறில் எனக்கு நல்ல துணை உண்டு. இங்கிலாந்தின் விமானப் படையில் கணக்கு அதிகாரியாக இருந்த சார்லஸ் ரீப் என்பவர், 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் டவுன் அணியின் கால்பந்தாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இடைவேளைக்குப் பிறகு ஒரு பென்சிலை எடுத்துக் குறிக்கத் தொடங்கினார். பின்னர் 2,000க்கும் மேற்பட்ட ஆட்டங்களை அப்படிக் குறித்தார். இரவு ஆட்டங்களில் சுரங்கத் தொழிலாளியின் விளக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுதினார் என்றும் சொல்வார்கள். மூன்று அல்லது அதற்கும் குறைவான பாஸ்களில்தான் கோல்களில் ஏறக்குறைய 80 சதவீதம் விழுகின்றன என்று அவர் கண்டார். ஆகவே பந்தை நீளமாக அடித்து முன்னே அனுப்புங்கள் என்றார். இங்கிலாந்தின் கால்பந்துச் சிந்தனையில் அந்த வாதம் பல ஆண்டுகள் நிலைத்தது. பிற்காலத்தில் அவருடைய கணக்கையே மீண்டும் பார்த்தவர்கள், ஆட்டத்தில் நடக்கும் நகர்வுகளில் 90 சதவீதத்துக்கும் மேலானவை மூன்று பாஸ்களுக்குள் முடிந்துவிடுபவைதான் என்று சுட்டிக்காட்டினார்கள். அப்படியென்றால், மீதமிருக்கும் 10 சதவீதத்துக்கும் குறைவான நீண்ட நகர்வுகள்தாம் ஏறக்குறைய 20 சதவீதக் கோல்களைத் தந்திருக்கின்றன. ரீப் கோல்களை எண்ணினார், முயற்சிகளால் வகுக்கவில்லை. என் இடது கார்னர் கதையும் அதுவே.

வகுத்துப் பார்த்தாலும் போதாத இடங்கள் உண்டு. புரோ கபடியில், ஓர் அணி அடுத்தடுத்து இரண்டு ரெய்டுகளில் புள்ளி எடுக்காவிட்டால் மூன்றாவது 'டூ ஆர் டை' ஆகிவிடும். அதில் வெறுங்கையோடு திரும்பினால் பாடிப் போனவர் வெளியே போக வேண்டும். முன்னணியில் இருக்கும் அணி கடைசி நிமிடங்களில் முதலிரண்டு ரெய்டுகளை வேண்டுமென்றே காலியாக ஆடி நேரத்தைக் கரைக்கும். எதிரே மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடிபட்டால் எதிரணிக்கு ஒரு புள்ளி கூடுதலாகப் போகும் என்பதால், அனுபவமுள்ள ரெய்டர் அங்கேயும் அவசரப்படமாட்டார். அட்டவணையில் இவையெல்லாம் வெறும் பூஜ்யங்களாகத்தான் தெரியும். புள்ளிக் கட்டத்தை மட்டும் கொடுத்துக் கணினியிடம் கேட்டால், பயிற்றுநர் சொன்னபடி ஆடியவனையே அது முதலில் கழித்துக்கட்டும். ஸ்கோர், மீதமுள்ள நேரம், களத்தில் நிற்கும் ஆட்கள், இது எத்தனையாவது ரெய்டு என்ற நான்கையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் ஒரு திட்டம் இருந்தது தெரியும்.

கால்பந்தில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். மைதானத்தைச் சுற்றியுள்ள கேமராக்கள் விநாடிக்கு 25 முறை 22 ஆட்டக்காரர்களின் இடத்தையும் பதிவு செய்தால், 90 நிமிடத்தில் ஏறக்குறைய 30 லட்சம் இடக்குறிப்புகள் சேர்கின்றன. பந்து ஒருவர் காலில் இருக்கும்போது மற்ற 21 பேரும் பந்தில்லாமல்தான் ஓடுகிறார்கள். உத்தி என்பது பெரும்பாலும் அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது. பென்சிலால் பிடிக்க முடியாததை இங்கே செயற்கை நுண்ணறிவு பிடிக்கிறது. கூகுள் டீப்மைண்டும் லிவர்பூல் கால்பந்து மன்றமும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட டாக்டிக்ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவு அமைப்பு, இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டங்களில் மைதான மூலையிலிருந்து அடிக்கப்பட்ட 7,176 கார்னர் கிக்குகளிலிருந்து கற்றுக்கொண்டது. ஒவ்வோர் ஆட்டக்காரரையும் ஒரு புள்ளியாகவும், அவர்களுக்கிடையிலான உறவைக் கோடாகவும் எடுத்துக்கொண்டு, பந்து முதலில் யாரிடம் போகும், அதிலிருந்து கோல் முயற்சி வருமா என்று கணிப்பதோடு, ஆட்களை எங்கே நகர்த்தலாம் என்றும் யோசனை சொல்கிறது. ஏழாயிரம் என்பது இந்தத் துறையில் சின்ன எண்ணிக்கை. அதனால் மைதானத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாகவும் மேல்கீழாகவும் திருப்பினாலும் ஆட்டம் ஒன்றே என்பதை அமைப்பிலேயே புகுத்திவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. கபடிக்கு அதை அப்படியே எடுக்க முடியுமா என்பது சந்தேகம். வலது கார்னர் பையனை இடது கார்னரில் நிறுத்திப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

டாக்டிக்ஏஐ சொன்ன யோசனைகளை, அப்போது இருந்த ஏற்பாட்டைவிட, லிவர்பூலின் வல்லுநர்கள் 90 சதவீத நேரம் விரும்பினார்கள் என்று அந்த ஆய்வு கூறுகிறது. பெரிய சாதனைதான். ஆனால் இங்கேயும் எதில் 90 என்று கேட்க வேண்டும். வல்லுநர்களின் விருப்பத்தில் 90. கூடுதலாக விழுந்த கோல்களில் அல்ல.

இப்போது நானும் என் மாணவர்களும், களத்தின் ஓரத்தில் சவுக்குக் கம்பம் ஒன்றில் கைபேசியைக் கட்டிப் படம்பிடித்து, ஆட்களைக் கணினி அடையாளம் காணும்படி முயன்று வருகிறோம். தனித்தனியாக நிற்கும்வரை நன்றாகவே கண்டுபிடிக்கிறது. இரண்டு பேர் கைகோத்துச் செயினாக நகர்ந்தால் குழம்புகிறது. ரெய்டர் மேல் நான்கு பேர் விழுந்து எழுந்தால், கவரில், அதாவது கார்னரிலிருந்து உள்ளே தள்ளி நின்றவனுக்குக் கார்னரின் எண்ணைக் கொடுத்துவிடுகிறது. மண் அப்பிய பனியன்களில் எண்ணும் தெரிவதில்லை.

அந்தப் பயிற்றுநர் இப்போது என் நோட்டை வாங்கிப் பார்க்கிறார். போன மாதம் ஒரு புதுக் கட்டம் போடச் சொன்னார். கார்னர் காலைப் பிடித்த பிறகு பக்கத்துக் கவர் எவ்வளவு நேரத்தில் வந்து சேர்கிறார் என்பது அது. பிடி வழுகிப்போனால் கார்னரைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள், தாமதம் எங்கே என்று தெரிய வேண்டும் என்றார். அந்தக் கட்டத்தைக் கணினி பாதிதான் நிரப்புகிறது. மீதியை வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வணக்கம்.