கிளிஞ்சலும் சிலுவையும் ஒரே கையில்: கொங்கோ மன்னர் அஃபோன்சோ

நேயர்களுக்கு வணக்கம்.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள அங்கோலா நாட்டின் தலைநகரான லுவாண்டாவுக்கு எதிரே, கரையை ஒட்டி நீளமாக ஒரு மணல் தீவு கிடக்கிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்தத் தீவில் பெண்கள் கடலில் மூழ்கிக் கூடை கூடையாக மணலை அள்ளிக் கரையேற்றுவார்கள். மணலைச் சலித்துக் களைந்தால் சோழி போன்ற பொடிக் கிளிஞ்சல்கள் மிஞ்சும். அவற்றை நிறம் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். ன்சிம்பு என்று பெயர். கொங்கோ இராச்சியத்தில் அதுதான் காசு. சம்பளமும் அபராதமும் சந்தை வியாபாரமும் இந்தக் கிளிஞ்சலில்தான் நடந்தன.

அரசர் இருந்ததோ வடக்கே, ம்பான்ஸா கொங்கோ என்ற மலைமேல் நகரத்தில். தீவு அங்கிருந்து பல நாள் நடை. நடுவிலிருந்த சிற்றரசர்கள் எல்லோரும் அவருக்கு அடங்கியவர்களும் இல்லை. ஆனாலும் தீவை மட்டும் அவர் யாருக்கும் விடவில்லை. தம் அதிகாரியையே அங்கே வைத்திருந்தார். நாட்டின் காசு எங்கே விளைகிறதோ அங்கே தம் ஆள் இருக்க வேண்டும் என்பதில் கொங்கோ அரசர்கள் தெளிவாக இருந்தார்கள்.

மாகாணங்களிலிருந்து பனைநாரில் நெய்த துணி, செம்பு, தந்தம், உப்பு எல்லாம் வரியாகத் தலைநகருக்கு வரும். அரசர் அதை மறுபடி பிரபுக்களுக்குப் பகிர்ந்து கொடுப்பார். கொடுக்கிற கை அரசருடையதாக இருந்தவரை பிரபுக்கள் அடங்கி இருந்தார்கள். அரியணை ஏறுவதற்கோ மானி வுண்டா என்ற மண்ணின் பூசாரியின் ஒப்புதல் வேண்டும்.

1483-இல் தியோகோ கௌம் என்ற போர்ச்சுகீசிய மாலுமியின் கப்பல் கொங்கோ ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்தது. 1491-இல் அரசர் ன்ஸிங்கா அ ன்குவு ஞானஸ்நானம் பெற்றார். சில ஆண்டுகளில் அவருக்கு அதில் பிடிப்பு விட்டுப்போனது. அவர் மகன் அஃபோன்சோ விடவில்லை. தந்தைக்குப் பின், மாற்றாந்தாய்க்குப் பிறந்த சகோதரனைப் போரில் வென்று, 1509 வாக்கில் அரியணை ஏறினார். போர்க்களத்து வானில் இயேசுவின் சீடரான புனித யாகப்பர் குதிரை வீரர்களோடு தோன்றித் தம்மைக் காத்தார் என்று அறிவித்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் பெரிய அரசாட்சித் திறமை என்று சொல்வேன். புது மதத்துக்கு எதிராகக் கிளம்பக்கூடியவர் மானி வுண்டா. அவரை அஃபோன்சோ விரட்டவில்லை. தேவாலயத்தின் காவலையும் தீர்த்த நீரின் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தார். முன்னோரான அரசர்களின் கல்லறை இருந்த இடத்திலேயே ஒரு தேவாலயத்தைக் கட்டினார். மக்கள் அதைக் கல்லறை என்ற பழைய பெயராலேயே அழைத்தார்கள். யாகப்பர் திருநாளான ஜூலை 25 நாட்டின் பெருவிழா ஆயிற்று. காலப்போக்கில் அன்றுதான் பிரபுக்கள் தலைநகருக்கு வந்து விசுவாசம் தெரிவித்து வரியும் செலுத்தினார்கள். பூசை, படை அணிவகுப்பு, வரி எல்லாம் ஒரே நாளில்! மகன் ஹென்ரிக்கைப் படிக்க லிஸ்பனுக்கு அனுப்பினார். 1518-இல் அவரை ஆயராக்கப் போப்பாண்டவர் ஒப்புதல் தந்தார்.

ஆனால் வியாபாரம் கையை மீறிக்கொண்டிருந்தது. போர்ச்சுகீசியருக்குக் கிளிஞ்சலும் துணியும் எதற்கு? அவர்கள் கேட்டது ஆட்களை. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். போரில் பிடிபட்டவர்களை அடிமையாக்கும் வழக்கம் கொங்கோவில் இருந்தது. அஃபோன்சோவே அப்படிப்பட்டவர்களைக் கப்பலேற்றி அனுப்பியிருக்கிறார். அவர் கொதித்தெழுந்தது, தம் நாட்டின் சுதந்திரக் குடிகளையே, பிரபுக்களின் பிள்ளைகளையும் தம் சொந்த உறவினரையும்கூட, வியாபாரிகள் கொண்டுபோகத் தொடங்கியபோது. வெளிநாட்டுச் சரக்கு இப்போது அரசரைத் தொடாமல் நேராகப் பிரபுக்களின் வீட்டுக்குப் போனது. சிற்றரசர்கள் அரசரைவிடச் செல்வந்தர் ஆனார்கள்.

1526-இல் அவர் போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜோவாவுக்கு எழுதிய கடிதங்களைப் படித்தால் இன்றும் மனம் கனக்கிறது. நாடு ஆளில்லாமல் போகிறது என்று முறையிடுகிறார். எங்களுக்கு வேண்டியது பாதிரியார்களும் பள்ளி ஆசிரியர்கள் சிலரும் மட்டுமே, பூசைக்கான திராட்சை இரசத்தையும் மாவையும் தவிர வேறு சரக்கு அனுப்ப வேண்டாம் என்கிறார். இந்த ஜோவாவின் ஆட்சியில்தான், 1530-களில், நம் முத்துக்குளித்துறைப் பரதவர்களும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

வியாபாரத்தை அடியோடு நிறுத்த அவரால் முடியவில்லை. அதனால் மூன்று அதிகாரிகளை நியமித்தார். யாரை வாங்கினாலும் முதலில் அவர்களிடம் காட்ட வேண்டும். ஆள் சுதந்திரக் குடியா, போர்க்கைதியா என்று அவர்கள் விசாரித்த பிறகே கப்பலேற்றலாம். அவருடைய கடைசிக் காலத்தில், ஈஸ்டர் பூசையின்போது, போர்ச்சுகீசியர் சிலர் தேவாலயத்துக்குள்ளேயே அவரைச் சுட்டுக்கொல்ல முயன்றார்கள். உயிர் தப்பினார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1575-இல் போர்ச்சுகீசியர் லுவாண்டாவில் குடியேற்றம் அமைத்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பிரேசில் கடற்கரைக் கிளிஞ்சலைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். ன்சிம்புவின் மதிப்பு சரிந்தது. அரசரின் கருவூலமும் அதோடு சரிந்தது. பின்னர் தீவும் கைநழுவியது. 1665-இல் ம்புவிலா போரில் மன்னர் முதலாம் அந்தோனியோ கொல்லப்பட, உள்நாட்டுப் போர் மூண்டு ம்பான்ஸா கொங்கோ பாழடைந்தது.

அந்தப் பாழில்தான் கிம்பா வீட்டா என்ற இளம்பெண் எழுந்தாள். புனித அந்தோனியார் என்மேல் இறங்கியிருக்கிறார், இயேசு பிறந்ததே நம் ம்பான்ஸா கொங்கோவில்தான், அரசர் அங்கே திரும்பி வர வேண்டும் என்று ஊர் ஊராகப் போதித்தாள். ஆயிரக்கணக்கானோர் அவள் பின்னால் சென்று தலைநகரில் மறுபடி குடியேறினார்கள். 1706-இல் அரசர் நான்காம் பேத்ரோவின் ஆட்கள் அவளைப் பிடித்துத் தீயில் எரித்தார்கள். மூன்று ஆண்டுகளில் அந்த இயக்கமும் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது. அந்தப் போர்களில் பிடிபட்டவர்களை வியாபாரிகள் வாங்கி அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அனுப்பினார்கள்.