எப்போது கொதிக்கிறது என்று முதலில் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்காகப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், வெயிலும் ஏறிக்கொண்டே போகிறது, அதனால் வேறு எதையும் தொடாமல் எஞ்சின் கொதிக்கிற விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாம் நம்ம பக்கத்தில் இன்னும் ஆசையாக வைத்து ஓட்டுகிறார்கள். அம்பாசடர் உற்பத்தியே 2014-ல் நின்றுபோனது, மற்ற இரண்டும் அதற்கு வெகு முன்னாலேயே நின்றவை. வண்டியோடு வந்த பழைய பாகத்தைக் கழற்றி வீசிவிட்டால் அதே தரத்தில் இன்னொன்று கிடைப்பது லேசான காரியமில்லை.

"அண்ணாச்சி, ரேடியேட்டரு மாத்தியாச்சு, வாட்டர் பம்பு மாத்தியாச்சு, தெர்மோஸ்டாட்டைக் கழத்தியே போட்டாச்சு, இன்னும் கொதிக்கு" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். எப்பம் கொதிக்கு, நிக்கையிலயா, ஓடையிலயா? அதைப் பார்க்காமலே இவ்வளவு செலவும் செய்திருப்பார்கள். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் தெரியவேண்டியது அதுதான்.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை நெரிசலில் ஊர்ந்து போகும்போது சூடு காட்டும் முள் ஏறுகிறது, ஊரைத் தாண்டிக் காற்று பிடித்ததும் இறங்கிவிடுகிறது என்றால் தண்ணீர் சுற்றுவதில் பெரிய கோளாறு இருக்காது, காற்றுதான் பற்றவில்லை. ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அரை அங்குலம் போல அமுங்கலாம், அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் வழுக்குகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் பூச்சியும் தூசியும் வைக்கோலும் அப்பியிருக்கிறதா என்று பாருங்கள், அறுப்புக் காலத்தில் ரோட்டில் போட்டிருக்கிற கதிர் மேல் ஏறி வந்த வண்டியில் பாதி அடைத்துக்கொண்டிருக்கும்.

இதற்கு நேர்மாறாக, டவுனுக்குள் ஒன்றும் செய்யாமல் நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில் விரட்டும்போது மட்டும் ஏறினால் தண்ணீர் போகும் வழியைத் தேடவேண்டும். அதிலும் பலர் பார்க்காமல் விடுவது ரேடியேட்டரின் அடியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கீழ் ஹோஸ். பானெட்டைத் திறந்து வைத்து, எஞ்சின் சூடான பிறகு ஒருவரை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு, கையைப் பெல்ட் பக்கம் கொண்டுபோகாமல் அந்த ஹோஸையே கவனியுங்கள். பம்ப் அந்த வழியாகத்தான் தண்ணீரை இழுக்கிறது. ரப்பர் நைந்துபோய், உள்ளே தாங்கும் சுருள் கம்பியும் துருப்பிடித்து உதிர்ந்திருந்தால் மிதிக்க மிதிக்க ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கொள்ளும், காலை எடுத்ததும் பழையபடி உப்பிவிடும். வண்டி நிற்கும்போது பார்த்தால் அதில் ஒரு குறையும் தெரியாது.

இன்னொன்று நம்ம பகுதிக்கே உரியது. ஆனி, ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவில் போகும்போது நன்றாக இருந்த வண்டி, திரும்பி வரும்போது காவல்கிணறு, பணகுடி பக்கத்தில் சூடேறுகிறது என்பார்கள். போகும்போது எதிர்காற்று ரேடியேட்டருக்குள் தானாகப் புகுந்தது, வரும்போது அதே காற்று முதுகில் தள்ளுகிறது, நாற்பதில் வந்தால் முன்பக்கம் காற்றே இல்லாத மாதிரிதான். இதற்காக எதையும் கழற்ற வேண்டாம், பெல்ட்டையும் ஃபேனையும் சரிபார்த்துக்கொண்டால் போதும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். என் அனுபவத்தில் நம்ம ஜில்லா வண்டிகளைக் கெடுப்பதில் முதல் இடம் போர்த் தண்ணீருக்குத்தான். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்தில் பல ஊர்களில் வாயில் வைக்க முடியாத உப்பு. அதை வருஷக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு படியும், சிலிண்டர்கள் இருக்கிற இரும்பு பிளாக்கில் துரு கிளம்பும், இரண்டும் சேர்ந்து சேறாகிப் பிளாக்கின் பின்பக்கம், அதாவது ஃபேனுக்குத் தள்ளி இருக்கிற கடைசி சிலிண்டரைச் சுற்றித் தங்கிவிடும். ரேடியேட்டரை மட்டும் புதிதாக மாற்றியும் கொதிக்கிறது என்றால் இந்தச் சேற்றைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். அம்பாசடர் எஞ்சின் பிளாக்கில் தண்ணீர் வடிக்க ஒரு சின்னக் குழாய் உண்டு. எஞ்சின் ஆறிய பிறகு அதைத் திறந்து பாருங்கள். ஒரு சொட்டும் வராவிட்டால் தண்ணீர் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், கம்பியை விட்டுக் குத்துங்கள், முதலில் காவி நிறத்தில் குழம்பாக வரும், அப்புறம் துருச் செதில், அதன் பிறகுதான் தண்ணீர். தெளிவாக வருகிறவரை விடாமல் அலசவேண்டும். ரேடியேட்டரைத் தனியாகக் கழற்றி, கீழ் வாயில் ஓஸ் பைப்பை வைத்து மேல் வாய் வழியாக வரும்படி மெதுவாக எதிர்த்திசையில் தண்ணீர் விடுங்கள். அதற்கும் அடைப்பு போகாவிட்டால் பித்தளைத் தொட்டியின் ஈயப் பற்றை இளக்கி எடுத்து ஒவ்வொரு குழலாகக் குத்தி எடுக்கத் தெரிந்த பட்டறையில் கொடுங்கள். அந்தப் பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டரைப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

சுத்தம் செய்த பிறகு கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். துருவைத் தடுக்கிற மருந்து கூலன்ட்டில்தான் இருக்கிறது. வழியில் அவசரத்துக்குத் தாமிரபரணித் தண்ணீர் ஊற்றலாம், வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். ரேடியேட்டர் மூடியும் முக்கியம். 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீரே 100 டிகிரியில் கொதிக்காமல் 110 டிகிரிக்கு மேல் வரை தாங்கும். அதற்காக இன்னும் பலமான மூடியைப் போட்டால் பழைய பற்று விட்டுப்போகும்.

எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்துவைக்கிற வால்வுதான் தெர்மோஸ்டாட். அதைக் கழற்றி எறிவது நம்ம ஊர் மெக்கானிக்குகளிடம் ஊறிப்போன பழக்கம். அது எனக்குச் சம்மதமில்லை. வெந்நீரில் போட்டு, கிட்டத்தட்ட 82 டிகிரியில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, திறக்காவிட்டால் மாற்றுங்கள். சில எஞ்சின்களில் அதை எடுத்துவிட்டால் கொஞ்சம் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்குவழியில் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சூடேறினால் டைமிங்கைப் பாருங்கள். தீப்பொறி தாமதமாக விழுந்தால் பெட்ரோல் எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும், அந்தச் சூடெல்லாம் பிளாக்குக்கு மேல் உட்கார்ந்திருக்கிற ஹெட்டில்தான் இறங்கும், வண்டியும் இழுக்காது. கார்புரேட்டரில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தாலும் சூடுதான், இப்போது 20 சதவீத எத்தனால் கலந்து வருவதால் பெட்ரோல் வரும் துளையான பழைய ஜெட் அளவுக்குக் கலவை இன்னும் இளைக்கும். முள் நடுவிலேயே நிற்க, வண்டி மட்டும் மதிய வெயிலில் முக்கி முக்கி நின்றுபோனால் அது கொதிப்பே இல்லை, பெட்ரோல் பம்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகிவிட்டது. பம்ப் மேல் ஈரத்துணி போட்டு, ஆறவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம்.

பாபநாசம் மலை ஏற்றத்தில் ஆவி கிளம்பிவிட்டதா? ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பானெட்டை மட்டும் திறந்து வையுங்கள். மூடியில் கை வைக்கவே கூடாது, முகத்தில் அடித்தால் தோல் வெந்துபோகும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்து, தொட்டால் சூடு தாங்குகிற அளவுக்கு ஆறிய பிறகு, தடித்த துணியைப் போட்டு முதல் பிடிவரை திருகிக் காற்றை விடுங்கள், சத்தம் அடங்கியபிறகு முழுசாகத் திறங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், சூடான இரும்பில் குளிர்ந்த தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் ஹெட் வெடித்துவிடும். அப்படி ஊற்றும்போது உள்ளே விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தாலோ, ஆயில் குச்சியில் பால் கலந்த மாதிரி ஆயில் தெரிந்தாலோ ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற காஸ்கெட் போயிருக்கிறது, அதற்கு மேல் ஓட்டாமல் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.