ஆணி அடிக்காத படகு

நேயர்களுக்கு வணக்கம். "கப்பலைப் பற்றியும் எழுதுகிறாய், பாட்டைப் பற்றியும் எழுதுகிறாய், ஊர் சுற்றியதையும் எழுதுகிறாய். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளேன்!" நான் வேலை பார்த்த பத்திரிகைகளில் இப்படிச் சொல்லாத ஆசிரியர் இல்லை. எனக்கு மூன்றும் ஒன்றுதான். அது எப்படி என்று சொல்லத்தான் வந்தேன்.

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டிருப்பீர்கள். எதிரே தெரிகிற அதே கடலில், 1783 ஜூன் 20 அன்று, பிரெஞ்சுக் கப்பல்கள் 15, ஆங்கிலக் கப்பல்கள் 18, மாலை நேரத்தில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனுக்குக் கப்பலில் ஆள் போதவில்லை. கரையில் இருந்த படையிலிருந்து 1,200 பேரை ஏற்றிக்கொண்டு போனார். கரையிலோ, பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தார்கள். கடலிலும் சண்டை, தரையிலும் சண்டை.

இப்போது ஒரு தேதி சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். அந்த இரண்டு நாடுகளும் பிரான்சின் வெர்சாயில் சமாதானத்துக்கான முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது அதே ஆண்டு ஜனவரி 20. ஜனவரி 20, ஜூன் 20. நாள் பிசகாமல் ஐந்து மாதம்! அங்கே மை காய்ந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது, இங்கே மருந்துப் பெட்டியைத் திறக்கிறார்கள். வெடிமருந்தைச் சொல்கிறேன். கடல் சண்டை முடிந்து ஐந்தாம் நாள், கோட்டையிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வெளியே பாய்ந்து தாக்கினார்கள். அதிலும் ஆட்கள் செத்தார்கள். ஜூன் 29ஆம் தேதிதான் வெள்ளைக்கொடி கட்டிய ஆங்கிலக் கப்பல் ஒன்று வந்து, சமாதானம் ஆகிவிட்டது என்றது. புதிதாகப் பத்திரிகைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். செய்தியைத் தாமதமாகத் தந்துவிட்டுக் காரணம் சொல்லும்போது, "சுஃப்ரென் கதையா?" என்று என்னையே மடக்குவார்கள். அது வேறு.

சரி, கப்பல் வந்துவிட்டது. செய்தி கரைக்கு எப்படி வரும்? அந்தக் காலத்தில் புதுச்சேரியிலும் சென்னையிலும் கப்பல் கரையை ஒட்டி நிற்க வழியில்லை. தள்ளித்தான் நங்கூரம் போடும். கவர்னரானாலும் சாராயப் பீப்பாயானாலும் சலங்கில் இறங்கித்தான் அலையைத் தாண்ட வேண்டும். சலங்கு என்றால் மசூலா படகு.

அந்தப் படகைப் பற்றிய என் முதல் கட்டுரையில், பலகைகளை ஆணி அடித்துச் சேர்த்தார்கள் என்று எழுதிவிட்டேன். யாரையும் கேட்காமல் எழுதியது. கடலூர் பக்கத்து மீனவ ஊரான தாழங்குடாவில் ஒரு பெரியவர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஆணி அடிச்சா மொத அலையிலேயே பொளந்துக்கும் தம்பி. கயித்தால தைக்கணும்" என்றார். தென்னங்கயிற்றால் தைத்த பலகை, அலை தூக்கிக் கரையில் போடும்போது வளைந்து கொடுக்கும், உடையாது. அப்புறம் எனக்காக அம்பா என்கிற படகுப் பாட்டைப் பாடிக் காட்டினார். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிக்கொள்ளும் பாட்டு. ஆழத்தில் துடுப்பு நிதானமாக விழும், பாட்டும் நிதானம். அலை உடைகிற இடம் வந்ததும் சொற்கள் தேய்ந்து வெறும் கூவல்தான் மிஞ்சியது. தாளம் துடுப்பில் இருக்கிறது. அன்றைக்குத்தான் கப்பலும் பாட்டும் எனக்கு ஒன்றாயின.

கப்பலில் வந்து இறங்கிய வாத்தியங்களும் உண்டு. வயலினை முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கற்றுக்கொண்டு நம்முடையதாக்கினார். பாரிஸில் 1840இல் காப்புரிமை பெற்ற ஆர்மோனியத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இந்தப் புதுச்சேரியில் பத்தாண்டு வாழ்ந்த பாரதியார் அதைத் திட்டி எழுதினார். அகில இந்திய வானொலியோ 1940இல் அதற்குத் தடையே போட்டது. தடை தளர 1971 வரை ஆயிற்று. வானொலி நிலையத்திலேயே உட்கார்ந்து இதைச் சொல்வதில் எனக்கு ஒரு குறும்பு, மன்னியுங்கள். வயலின் தந்தியில் விரலை வழுக்கவிட்டு, சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் பிடிக்கலாம், ஆர்மோனியக் கட்டையில் அது நடக்காது. தாழங்குடா பெரியவரிடம் சொன்னால், ஆணி அடித்த படகு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டு நிமிடம்தானாம். பயணத்தைப் பற்றித்தான் நிறையக் குறித்து வைத்திருந்தேன். ரோமானிய மதுச்சாடிகள் கிடைத்த அரிக்கமேடு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆற்றங்கரையில் நிழலும் உண்டு, ஒரு காலை நேரம் போய் வாருங்கள். கடலூர் போனால் குண்டு உப்பலவாடி என்ற ஊர். 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை சுற்றியுள்ள நிலமும் அவர்களுக்கு என்று பேச்சு. அப்படிப் போனவைதான் குண்டு கிராமங்கள். எந்தப் பீரங்கியைக் கொண்டுவந்தார்கள் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதை... ஒரு விரல் காட்டிவிட்டார்கள். இன்னொரு நாள் கூப்பிட்டால் அங்கிருந்தே தொடங்குகிறேன். வணக்கம்.