சவ்வுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

நண்பர்களே, வணக்கம். பரவல், சவ்வூடு பரவல், செல் சுவாசம் என்று பாடப்புத்தகத்தில் தனித்தனித் தலைப்பாகப் படித்திருப்பீர்கள். தேர்வெழுத அது வசதி. ஆனால் எல்லாம் ஒரே விவகாரம்தான் என்பேன்: செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றாகிவிடாமல் பார்த்துக்கொள்வது.

ரத்தச் சிவப்பணுவைச் சுத்தமான தண்ணீரில் போட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். உப்பும் பிறவும் கரைந்திருக்கும் உள்பக்கத்தை நோக்கித் தண்ணீர் புகும்; நடுவில் குழிந்து தட்டையாக இருந்த செல் உப்பி உருண்டையாகும். அப்புறம் சவ்வு கிழியும். உள்ளிருந்த ஹீமோகுளோபின் வெளியேறிவிட, வெளிறிய கூடு மட்டும் மிஞ்சும். உள்ளே இருக்கும் அடர்த்திக்கு ஈடான 0.9 சதவீத உப்புக்கரைசலில் போட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது.

சரி, ரத்தத்தில் ஓடும்போது மட்டும் அது சும்மா இருக்கிறதா? வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். இரண்டும் ஓயாமல் கசிகின்றன. சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு ஏடிபி மூலக்கூறு, அதாவது செல்லின் ஆற்றல் நாணயம் ஒன்று, செலவு. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ நண்டுக் கால் நரம்பில் இதைக் கண்டறிந்து 1957இல் வெளியிட்டார். நோபல் பரிசு வந்ததோ 1997இல்!

அந்த ஏடிபி எங்கிருந்து வருகிறது? ஆக்சிஜனைக் கொண்டு ஏடிபி தயாரிக்கும் செல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா சிவப்பணுவுக்குக் கிடையாது. ஊருக்கெல்லாம் ஆக்சிஜன் சுமக்கும் அது, தன் பிழைப்புக்கு அதைத் தொடுவதில்லை. குளுக்கோஸை உடைத்து, மூலக்கூறுக்கு இரண்டே ஏடிபியில் காலம் தள்ளுகிறது. மைட்டோகாண்ட்ரியா உள்ள செல்களுக்கு ஏறத்தாழ முப்பது கிடைக்கும்.

மைட்டோகாண்ட்ரியாவிலும் சவ்வுதான் கதாநாயகன். உணவிலிருந்து வரும் எலெக்ட்ரான்கள் ஆக்சிஜனை நோக்கிப் போகிற வழியில், ஹைட்ரஜன் அயனிகள் அதன் உள்சவ்வுக்கு அப்பால் தள்ளப்படுகின்றன. அவை ஒரு நொதியின் வழியே திரும்பும்போது அதன் ஒரு பகுதி சுழல்கிறது, ஏடிபி உருவாகிறது. பீட்டர் மிட்செல் 1961இல் இந்த அயனி ஏற்றத்தாழ்வைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1978இல் நோபல் கொடுத்தார்கள். சுழற்சியைக் கண்ணால் பார்த்தது 1997இல். ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த நொதியின் தண்டில் ஒளிரும் புரத இழையை ஒட்டி, அதைத் தலைகீழாக ஓட்ட ஏடிபியைக் கொடுத்தார்கள். நுண்ணோக்கிக்குக் கீழே இழை சுற்றியது!

மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் நின்றால் என்ன ஆகிறது? சில நிமிடங்களிலேயே ஏடிபி தீர்ந்து, சோடியத்தை வெளியேற்ற ஆளில்லாமல் போகிறது. சோடியம் உள்ளே புக, தண்ணீர் பின்னாலேயே போகிறது, செல்கள் வீங்குகின்றன. பக்கவாத நோயாளி வந்ததும் "எப்போது ஆரம்பித்தது?" என்று மருத்துவர் முதலில் கேட்பது இதனால்தான்.