கடையைப் பார்க்காதீர்கள், கையொப்பத்தைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். காட்பாடியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் நான். வானொலியில் பேசக் கூப்பிட்டதும், டிஸ்பிளே மாற்ற என்ன ரேட் என்று சொல்லச் சொல்வார்களோ என நினைத்தேன். கேட்டது வேறு: பிளே ஸ்டோரை விட்டு வேறு ஸ்டோரில் ஆப் இறக்கலாமா?

போன மாதம் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். “இன்னானே தெரியல தம்பி, பேங்க் மெசேஜே வர மாட்டேங்குது” என்றார். செட்டிங்ஸைத் திறந்தேன். முகப்பில் ஐகான் ஏதும் இல்லை. ஆப் பட்டியலில் மட்டும் ‘சலான்’ என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. வண்டிக்கு அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பு, அதாவது ஸ்டோர் இல்லாமலே ஆப்பை நிறுவும் கோப்பு. எஸ்எம்எஸ் ஆப்பாகத் தன்னையே வைத்துக்கொண்டு, ஓடிபியை எவனுக்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. நல்லவேளை, மாதக் கடைசி. கணக்கில் பணமே இல்லை. டேட்டாவை அணைத்தோம், பேங்குக்குச் சொன்னோம், சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கும் அடித்தோம்.

இதில் மாற்று ஸ்டோரின் குற்றம் எதுவுமில்லை, ஸ்டோரே கிடையாதே. ஆனால் இரண்டும் நுழைவது ஒரே வாசல்: ‘அறியப்படாத ஆப்ஸை நிறுவும்’ அனுமதி. முன்பெல்லாம் அது போன் முழுவதற்கும் ஒரே சுவிட்ச். 2017இல் ஆண்ட்ராய்டு 8 வந்த பிறகு, எந்த ஆப் வழியாக என்று தனித்தனியாகக் கேட்கிறது. ஒரு ஸ்டோருக்குக் கொடுத்த அனுமதி வாட்ஸ்அப்புக்குப் போகாது. பெரியவரோ கேட்ட இடத்திலெல்லாம் அழுத்தியிருக்கிறார்.

பிளே ஸ்டோர் மட்டும் சுத்தமா? ஜோக்கர் என்கிற தீநிரலின் 1,700 ஆப்களை நீக்கியதாக 2020 ஜனவரியில் கூகுளே சொன்னது. இருந்தாலும் அங்கே வாசலில் சோதனை உண்டு. ஏபிகேபியூர் என்கிற மாற்று ஸ்டோரில் 2021 ஏப்ரலில் அந்த ஸ்டோரின் சொந்த ஆப்புக்குள்ளேயே தீநிரல் இருந்ததைக் காஸ்பர்ஸ்கி என்கிற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது.

மாற்று ஸ்டோர்களில் எனக்குப் பிடித்தது எஃப்-டிராய்டு. மிளகாய்ப் பொடியை பாக்கெட்டில் வாங்குவோம்; அல்லது மிளகாயைக் காயவைத்து மில்லுக்குத் தூக்கிப் போவோம். வேலூர் வெயிலுக்குக் காயவைப்பது ஒரு வேலையே இல்லை. எஃப்-டிராய்டு அந்த மில். ஆப் எழுதியவர் மூல நிரலை, அதாவது தான் எழுதிய நிரலை அப்படியே, பொதுவில் வைக்க வேண்டும். இவர்கள் அதைத் தங்கள் கணினியில் ‘அரைத்து’ ஆப்பாக்கி, பெரும்பாலும் தங்கள் டிஜிட்டல் கையொப்பம், அதாவது ஆப்பைக் கட்டியவர் யார் என்று காட்டும் முத்திரை, போட்டுத் தருகிறார்கள். ஆப் நம்மை வேவு பார்க்குமானால் அதன் பக்கத்திலேயே எழுதி வைக்கிறார்கள். 2010இலிருந்து இப்படித்தான். சங்கடமும் உண்டு. மில்லே கெட்டால் எல்லார் வீட்டுப் பொடியும் கெடும். அரைக்க நாளும் பிடிக்கும். பாதுகாப்பு ஓட்டையை அடைத்த புதுப் பதிப்பு பிளே ஸ்டோரில் வந்து சில நாள் கழித்து இங்கே வரலாம்.

இந்தக் கையொப்பம்தான் விஷயமே. ஏற்கெனவே இருக்கும் ஆப்பின் மேல் அப்டேட் ஏற வேண்டுமானால், இரண்டிலும் கையொப்பம் ஒன்றாக இருக்க வேண்டும்; மாறினால் ஆண்ட்ராய்டு ஏற்காது. ஆக, நடுவில் எவனாவது கலப்படம் செய்தாலும் அது ஏறாது. ஆனால் முதல் முறை போடும்போது ஒப்பிட்டுப் பார்க்கப் போனில் ஒன்றும் இல்லையே! அதனால் முதலில் எங்கே வாங்குகிறோம் என்பதுதான் கணக்கு. விளம்பரம் வராத ‘மோட்’ ஆப் போட்டுத் தரச் சொல்லிக் கல்லூரிப் பையன்கள் வருவார்கள். வெட்டித் தைத்த ஆப்பில் அசல் கையொப்பம் நிற்காது. தைத்தவன் கையொப்பம்தான் இருக்கும். அவன் யார்? நான் போட்டுத் தருவதில்லை.

ஸ்டோர் நாளைக்கும் இருக்குமா என்றும் பாருங்கள். அமேசான் தன் ஆப் ஸ்டோரை ஆண்ட்ராய்டு போன்களில் 2025 ஆகஸ்டில் மூடியது. அங்கே வாங்கிய ஆப்களுக்கு அப்டேட் தர ஆள் இல்லை. போன்பே 2024இல் தொடங்கிய இண்டஸ் ஸ்டோரில் தமிழிலேயே தேடலாம், அது நல்ல வசதி. ஐபோன்காரர்களுக்கு இந்தக் கவலை இப்போதைக்கு இல்லை. வேறு ஸ்டோரை ஆப்பிள் 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விட்டது, இங்கே விடவில்லை.

என் போனில் பேங்க், யுபிஐ எல்லாம் பிளே ஸ்டோரிலிருந்து. குறிப்பேடு, பிடிஎஃப் மாதிரி சில்லறை வேலைக்கு எஃப்-டிராய்டு. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

பெரியவர் போனை ரீசெட் போட்டுக் கொடுத்தபோது, அந்த அனுமதிப் பக்கத்தைக் காட்டி, “ஐயா, இதை மட்டும் ஆன் பண்ணிடாதீங்க” என்றேன். “அது எங்க கீதுனே எனக்குத் தெரியாது தம்பி” என்றார்.